எட்டாவது பிட்

ஔலுவில் மைனஸ் இருபத்தாறு. இரவு ஒன்றரை.
ஓஸ்மோவின் மேசையில் இரண்டு கணினிகள்,
நடுவே ஒரு சீரியல் கேபிள்.
ஒன்று சாகும்,
மற்றது சாவைக் குறித்துக்கொள்ளும்.
பதினேழு நாளாக இதே பிழைப்பு.

சில முறை நாற்பது நிமிடம் தாங்கும்.
சில முறை விடியும்வரை;
விடிவது இங்கே பத்து மணிக்கு.
முடிவில் திரையில் ஒரே வரி:
எதிர்பாராத பொறி. உரிமையாளர் இல்லை.

(தமிழில் அந்தச் சொல்லுக்குத்தான் எத்தனை வீடு.
எலிக்கு வைப்பதும் பொறி, கங்கிலிருந்து தெறிப்பதும் பொறி,
கண்ணும் காதும் பொறிதான், இயந்திரமும்.
ஓஸ்மோவுக்கு இது தெரிய வழியில்லை.
அவனிடம் இருந்தது
எலியே வராமல் சாத்திக்கொண்ட பொறி.)

முதல் வாரம் டைமர் மீது சந்தேகம்.
டைமர் ஹில்க்கா எழுதியது.
மூன்றாம் மாடியிலிருந்து ஐந்தாம் மாடிக்குக் கடிதம் போனது.
மரியாதையான சொற்கள்தான்,
நடுவில் ஒன்று மட்டும் மீன் முள்.
அவள் பதில் எழுதவில்லை.

பிறகு மெமரி சில்லை மாற்றினான்.
மின்பெட்டியை மாற்றினான்.
காப்பிக் கோப்பையைக்கூட மாற்றிப் பார்த்தான்.
டீபக்கர் தொடாத கணினி
மூன்று நாள் இருமல்கூட இல்லாமல் ஓடியது.
அப்போதும் அவனுக்கு உறைக்கவில்லை.

இன்றிரவு,
தூங்கிக்கொண்டிருந்த ஒரு ப்ராசஸின் அடுக்கில்
எண்களை ஒவ்வொன்றாக விரலால் தொட்டுக்கொண்டு போகிறான்.
246 இருக்கவேண்டிய இடம்.
346 இருக்கிறது.

விரல் நின்றது.

கெர்னலை ஒவ்வோர் அடியாக நடத்திப் பார்க்க
டீபக்கர் ஒரு பிட்டை ஏற்றும்.
பூச்சியத்திலிருந்து எண்ணினால் எட்டாவது,
விரல்விட்டு எண்ணுகிறவர்களுக்கு ஒன்பதாவது.
அடி வைத்தாயிற்றா, உடனே இறக்கிவிடும்.
ஒழுங்கான விருந்தாளி.

ஆனால் அந்த ஓர் அடியே
பிட்டுகளையெல்லாம் நகலெடுத்து
அடுக்கில் பத்திரப்படுத்தும் அடியாக இருந்துவிட்டால்?

நகலில் அது ஏறியபடியே இருக்கும்.
ப்ராசஸ் தூங்கப் போகும். டீபக்கர் வீட்டுக்குப் போகும்.
கேபிளைக்கூடக் கழற்றிச் சுருட்டி வைத்திருப்பார்கள்.
எப்போதோ அது விழித்து,
வைத்த நகலை எடுத்து உடுத்திக்கொண்டு
ஓர் அடி வைக்கும்.
நில், யார் என்று ஒரு குரல்.
கேட்டவன் ஊரிலேயே இல்லை.

இந்தக் கோப்பை எழுதியது யார் என்று கட்டளை கொடுத்தான்.
வரிக்கு வரி ஓஸ்மோ, ஓஸ்மோ, ஓஸ்மோ.
பதினொரு வருஷத்துக்கு முந்தைய ஜூன்,
சூரியன் மறையாத வாரம் ஒன்று.
தூங்கவே இல்லை அப்போது. பெருமையாக இருந்தது.

திருத்தம் மூன்று வரி.
அந்த அடியைத் தாண்டியதும்
நகலிலும் எட்டாவது பிட்டை இறக்கு. அவ்வளவுதான்.
பத்தாயிரம் முறை ஓடவிட்டு
ஜன்னலோரம் நின்றான். பனிவண்டி ஒன்று
யாருமில்லாத சாலையைச் சுரண்டிக்கொண்டு போனது.

விளக்கக் குறிப்பு எழுதும்போதுதான்
பழைய புகார்களில் தேடினான், வழக்கத்துக்காக.
ஒன்று இருந்தது.
"டீபக்கரைக் கழற்றிய பிறகும்
உள்ளே யாரோ இருப்பதுபோல் நடந்துகொள்கிறது."
அனுப்பியது ஹில்க்கா. மூன்று வருஷம் ஆகிறது.
கீழே அவனுடைய பதில்:
மறுபடி நிகழவில்லை. மூடப்பட்டது.

"தெரிவித்தவர்: ஹில்க்கா" என்று அடித்தான்.
தேதியையும் சேர்த்தான்.
தேதியை அழித்தான்.
மறுபடி அடித்தான்.

வியாழக்கிழமை. கேன்டீனில் பட்டாணி சூப்.
அவன் தட்டோடு அவள் எதிரே போய் உட்கார்ந்தான்,
சொல்லவேண்டியதை வாயில் வைத்துக்கொண்டு.
"படித்தேன்" என்றாள் ஹில்க்கா.
கரண்டியால் சூப்பை இரண்டு சுற்றுச் சுற்றினாள்.
"அந்தக் கடுகை இப்படித் தள்ளு."

தள்ளினான்.